ஒட்டுத் தேனீ

பிரான்சுக்கு வந்த முதல் கோடையில் ஒரு மடக்குக் கத்திக்கு 45 யூரோ கொடுத்தேன். மலைப்பக்கம் சுற்றுலா போன இடத்தில் ஒரு நினைவுப்பொருள் கடை. வழவழப்பான மரப்பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட், அதன் மேல் இடை சிறுத்து வளைந்த கத்தி, அதன் முதுகில் ஒரு தேனீ. அலகில் 'Laguiole' என்று பொறித்திருந்தது. கூடவே தங்க எழுத்தில் ஒரு சான்றிதழ் வேறு. நான் எழுத்துக்கூட்டி 'லாகுயோல்' என்று கேட்க, கடைக்காரர் சிரித்துக்கொண்டே 'லாயோல்' என்று திருத்தினார். உச்சரிப்பையே திருத்துகிற மனிதர் விலையில் ஏமாற்றுவாரா என்று நினைத்துக்கொண்டு பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

நான் இருப்பது கிளெர்மோன்-ஃபெரானில். மிஷெலின் டயரின் ஊர். என் பிழைப்பும் ரப்பர் சார்ந்ததுதான். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். இங்கிருந்து கிழக்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளி உள்ள தியேர் ஊரில், கத்திப் பட்டறைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் சாணை பிடித்தவர். அவரிடம் கத்தியைப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அலகைத் திறக்கவே இல்லை. தேனீயின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்தார். நகம் ஓரிடத்தில் தடுக்கி நின்றது.

"ஒட்டு" என்றார்.

தேனீ தனியாக வார்த்து, பிடியின் முதுகில் ஓடும் ஸ்பிரிங்கின் தலையில் பற்றவைக்கப்பட்டது என்று அர்த்தம். அதனாலேயே கத்தி போலியாகிவிடாது என்றும் சொன்னார். பற்றவைத்த தேனீயை நேர்மையாகச் சொல்லி, குறைந்த விலைக்கு விற்கும் நல்ல பட்டறைகள் உண்டாம். அப்புறம் சான்றிதழை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "செய்தவர் பெயர் எங்கே?" என்று கேட்டார்.

பாரம்பரியம், தரம், அசல் எல்லாம் அதில் இருந்தன. ஆளைத்தான் காணோம்.

இந்த ஆறு வருஷத்தில் எழுபது எண்பது கத்திகள் என் கைக்கு வந்து போயிருக்கின்றன. முப்பத்தைந்து தங்கியிருக்கின்றன. கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் அந்தக் கேள்வியைத்தான் திருப்பிச் சொல்வேன். 'இது அசலா?' என்று கேட்டால் விற்கிறவர் யாராக இருந்தாலும் 'ஆமாம்' என்பார். 'யார் செய்தது, எங்கே, எப்போது?' என்று கேட்டால்தான் பேச்சு நகரும், அல்லது நின்றுபோகும்.

லாயோல் விஷயத்தில் இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. லாயோல் ஓர் ஊர். அவேரோன் மாவட்டம், ஓப்ராக் பீடபூமி. மாடு மேய்க்கும் சீமை. அந்த ஊரில் பியேர்-ழான் கால்மெல்ஸ் என்பவர் 1829-ல் இந்தக் கத்தியின் முதல் வடிவத்தைச் செய்தார் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. அதற்கு முன் அங்கிருந்த உழவர்கள் கபுஷாது என்ற மடங்காத கத்தியை வைத்திருந்தார்கள். மரம் அறுக்கும் வேலைக்காகப் பருவந்தோறும் ஸ்பெயின் பக்கம் போய்வந்தவர்கள் அந்த ஊர் மடக்குக் கத்தியான நவாஹாவைப் பார்த்துப் பழகினார்கள். அங்கிருந்து கொஞ்சம், இங்கிருந்து கொஞ்சம் என்று சேர்ந்துதான் இந்த வளைந்த உருவம் வந்தது. 1840 வாக்கில் குத்தூசி சேர்ந்தது. தோலில் துளை போடவும், வயிறு உப்பிய மாட்டுக்கு வைத்தியம் பார்க்கவும் என்பார்கள். 1880 வாக்கில் கார்க் திருகி வந்தது. அவேரோன்காரர்கள் பாரிஸுக்குப் பிழைக்கப் போய்க் காபிக்கடைகளில் வேலை பார்த்த காலம் அது. பாட்டில் திறக்க ஒன்று வேண்டுமல்லவா?

முதல் உலகப் போருக்குப் பிறகு கிராமத்துப் பட்டறைகள் தேய்ந்துபோயின. லாயோல் கத்திகளைத் தியேர்தான் செய்து குவித்தது. 1980-களில்தான் கிராமம் விழித்துக்கொண்டு பட்டறைகளைத் திரும்பத் திறந்தது. 1987-ல் தொடங்கிய ஃபோர்ஜ் த லாயோல் என்ற பட்டறையின் கட்டடத்தை வடிவமைத்தவர் ஃபிலிப் ஸ்டார்க். கூரையைக் கிழித்துக்கொண்டு 18 மீட்டர் உயரத்துக்கு ஓர் அலகு நிற்கும். சாலையில் வரும்போதே கண்ணில் படும்.

ஆனால் இதற்குள் பெயர் கைநழுவியிருந்தது. 'லாயோல்' என்பது ஒரு வகைக் கத்தியின் பொதுப்பெயர் ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அலகில் பொறிக்கலாம் என்ற நிலை. 1993-ல் அந்தக் கிராமத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் பலவகைப் பொருள்களுக்கு அந்தப் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டார். 2012-ல் பாரிஸ் நீதிமன்றம் கிராமத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்தபோது, கோபத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப்பெயர்ப் பலகையையே கழற்றினார்கள். பிறகும் வழக்குகள் மேலும் கீழும் போய்வந்தன. வாங்குகிற நமக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான். அலகில் 'லாயோல்' என்று இருந்தால் அது வடிவத்தைச் சொல்கிறது, ஊரைச் சொல்லவில்லை. கிராமத்தில் ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் முடிவு வரை பூட்டியதாக இருக்கலாம். தியேரில் செய்ததாக இருக்கலாம். சீனாவிலோ பாகிஸ்தானிலோ டஜன் கணக்கில் செய்ததாகவும் இருக்கலாம்.

நடுவில் உள்ளதைப் பற்றி ஒரு வார்த்தை. 'தியேரில் செய்த லாயோல் போலி' என்று அடித்துச் சொல்லும் சேகரிப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒப்பவில்லை. நூறு வருஷமாக அந்தக் கத்தியை உயிரோடு வைத்திருந்தது தியேர்தான். பட்டறையின் பெயரோடு, நல்ல எஃகில், சரியான விலைக்கு வரும் தியேர் லாயோலை நான் தயங்காமல் வாங்குவேன். சமையலறைக் கத்திகளில் சபாட்டியே என்ற பெயருக்கும் இதே கதைதான். பல பட்டறைகள் பங்கிட்டுக்கொண்ட பெயர் அது. அந்தப் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் சின்ன அடையாளந்தான் யார் என்று சொல்லும்.

தேனீக்கு வருவோம். நெப்போலியன் இந்த ஊர்க்காரர்களின் வீரத்தை மெச்சித் தன் சின்னமான தேனீயைக் கொடுத்தான் என்று எல்லாக் கடைகளிலும் கதை சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். நெப்போலியன் செத்தது 1821-ல். கத்தி பிறந்தது 1829-ல். அதற்கு மேல் வாதம் தேவையில்லை. பழைய லாயோல்களின் ஸ்பிரிங் தலை வெறுமையாக இருக்கும், இல்லாவிட்டால் எளிய செதுக்கல் இருக்கும். தேனீ வழக்கமானது 20-ஆம் நூற்றாண்டில்தான். கத்திக்காரர்களின் பேச்சில் அந்த இடத்தின் பெயரே 'மூஷ்', அதாவது ஈ. தேனீ உட்காராவிட்டாலும் அதற்கு ஈ என்றுதான் பெயர்.

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்துப்போனது. ஒரு சின்ன நோட்டில் வருடங்களை எழுதி வைத்துக்கொண்டேன். 1829, 1880, 1890, 1909, 1913, 1929, 1955. பாதி ஏமாற்று வேலைகளை இந்த ஏழு எண்களே பிடித்துவிடும். ஆனால் 1913-ஐ நோட்டில் எழுத எனக்கு 25 யூரோ செலவானது.

இங்கே வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராக 'வித்-கிரெனியே' நடக்கும். நேர்ப்பொருள் 'பரண் காலி'. அதுவேதான். தெருவோரம் மேசை போட்டு, பரணில் கிடந்ததையெல்லாம் பரப்பி வைப்பார்கள். காலை ஏழு மணிக்கே போய்விட வேண்டும். எட்டரைக்குள் பழைய சாமான் வியாபாரிகள் நல்லதையெல்லாம் பொறுக்கிவிடுவார்கள். அப்படி ஒரு மேசையில், கொம்புப் பிடி போட்ட, கறுத்துப்போன லாயோல் ஒன்று கிடைத்தது. "1900-க்கு முந்தியது, கொள்ளுத்தாத்தாவுடையது" என்றார் விற்றவர். 25 யூரோ. வீட்டுக்கு வந்து எண்ணெய் தொட்டுத் துடைத்து, லென்ஸை வைத்துப் பார்த்தால் அலகின் அடியில் மங்கலாக நாலு எழுத்து: இனாக்ஸ். நம் ஊரில் அது சினிமா தியேட்டர். இங்கே அதன் பொருள் துருப்பிடிக்காத எஃகு. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கத்திக்கு ஏற்ற துருப்பிடிக்காத எஃகை உருக்கியதே 1913-ல். கொள்ளுத்தாத்தா அதற்கு முன் அதை எப்படி வைத்திருந்தார்? விற்றவர் பொய் சொன்னார் என்றுகூட நான் நினைக்கவில்லை. குடும்பக் கதைகள் அப்படித்தான், ஒவ்வொரு தலைமுறைக்கும் இருபது வருஷம் கூடிவிடும். துருப்பிடிக்காத எஃகு என்று எழுதிய கத்தி எப்படி அவ்வளவு கறுத்தது என்று நானாவது யோசித்திருக்கலாம். அது பிசின் கலந்த அழுக்கு.

அன்றிலிருந்து சட்டைப்பையில் மூன்று பொருள் இல்லாமல் சந்தைக்குப் போவதில்லை: லென்ஸ், சின்னக் காந்தம், பல்குத்தும் குச்சி. குச்சி, முத்திரையில் அடைந்த அழுக்கை எடுக்க. ஊசியால் சுரண்டினால் முத்திரையும் சேர்ந்து போகும். காந்தம், பூண் பித்தளையா அல்லது பித்தளை முலாம் பூசிய இரும்பா என்று பார்க்க. காந்தம் ஒட்டினாலே மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய தியேர் கத்திகளில் இரும்புப் பூண் சாதாரணம். மேலே மஞ்சள் நிறமும் அடியில் காந்தமும் சேர்ந்து வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கத்தியைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது வெளிச்சத்தை. மடக்கிய நிலையில் பக்கவாட்டில் வானத்தை நோக்கிப் பிடித்தால், ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசியக் கூடாது. பிடியும் பூணும் சேரும் இடத்தில் நகம் தடுக்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் அலகு இரண்டு தகட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். திறந்து, நுனியைப் பிடித்து இடம் வலமாக அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. நூறு வருஷக் கத்தியில் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் மன்னிக்கலாம். புதிதாக விற்கும் கத்தியில் மன்னிக்கவே கூடாது. மூடும்போது 'டக்' என்று சத்தம் வர விட்டுவிடாதீர்கள். லாயோலில் பூட்டு கிடையாது, ஸ்பிரிங்கின் இறுக்கம் மட்டுமே. அலகைத் தானாக அறைந்து மூட விட்டால் கூர் ஸ்பிரிங்கில் மோதிப் பல் விழும். என் கத்தி ஒன்றில் கூரின் நடுவே அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. சாணைக்கல்லில் இரண்டு மாலை உட்கார்ந்தும் முழுசாகப் போகவில்லை.

ஸ்பிரிங்கின் முதுகில் அரத்தால் போட்ட பூவேலை இருக்கும். நல்ல கத்தியில் அதைப் பார்த்தாலே கை தெரியும். ஒரு இலை கொஞ்சம் பெரிதாக, அடுத்தது கொஞ்சம் சாய்ந்து. அச்சில் அழுத்திய மலிவுக் கத்தியில் எல்லா இலையும் ஒரே அளவு, ஓரங்கள் மழுங்கல். கோலம் போட்டதற்கும் ஸ்டிக்கர் கோலத்துக்கும் உள்ள வித்தியாசந்தான். பிடியில் சின்ன ஆணிகளால் சிலுவை அடித்திருப்பார்கள், இடையன் சிலுவை என்பார்கள். மலையில் தனியாக இருக்கும் இடையன் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி அதன் முன் ஜெபம் செய்தான் என்று கதை. கதை இருக்கட்டும், நான் அந்த ஆணிகளை விரலால் தடவிப் பார்ப்பேன். பிடியோடு ஒரே மட்டத்தில் இருந்தால் செய்தவர் பொறுமைசாலி.

பழைய கத்தி என்றால் தேய்மானம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அலகு பாதியாகத் தேய்ந்திருக்கிறது, ஆனால் திறப்பதற்கான நகக்குழியின் விளிம்பு புதிதுபோலக் கூர்மையாக இருக்கிறது என்றால் ஏதோ சரியில்லை. அலகு தேய்ந்து, பிடி பளபளத்தால் பிடி மாற்றியது. துரு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் புள்ளி புள்ளியாக இருந்தால் அமிலத்தில் நனைத்திருக்கலாம். உண்மையான துருவுக்கு ஒழுங்கு கிடையாது. விரல் படும் இடத்தில் குறைவாகவும் ஈரம் தங்கும் அச்சுப் பக்கம் அதிகமாகவும் இருக்கும். வலக்கைக்காரர் நாற்பது வருஷம் வைத்திருந்த கத்தியின் பிடியில் ஒரு பக்கம் மட்டும் சற்று வழிந்திருக்கும். அதை யாராலும் ஒரு வாரத்தில் செய்ய முடியாது.

பிடி என்ன பொருள் என்பது தனிப் பாடம். ஒரு சந்தையில் பால் வெள்ளைப் பிடி போட்ட சின்னக் கத்தியைக் காட்டி, "தந்தம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார் ஒரு பெண்மணி. கட்டைவிரலால் அரை நிமிஷம் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். வீட்டுப் பூஜையறை! செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள், சூடு பட்டால் அந்த வாசனை வெளியே வரும். தமிழ் மூக்குக்கு இதைவிட எளிய சோதனை கிடையாது. தந்தம் என்றால் வெட்டுமுகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மெல்லிய கோடுகள் தெரியும். எலும்பு என்றால் லென்ஸில் நுண்ணிய புள்ளிகளும் கீறல்களும் தெரியும், இரத்தம் ஓடிய தடங்கள் அவை. கொம்பு இவை எதிலும் சேராது. அதன் நுனி மட்டுந்தான் உள்ளே கெட்டி, மற்றது பொள்ளல். நுனிக் கொம்பில் செய்த பிடிக்கு விலை கூடுதலாக இருப்பது அதனால்தான். நிஜத் தந்தமாகவே இருந்தாலும் நான் தொட மாட்டேன். ஐரோப்பாவில் விற்க வாங்கக் கடும் கட்டுப்பாடு. இந்தியாவில் தந்த வியாபாரம் அடியோடு தடை. ஊருக்குக் கொண்டுபோய் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க முடியுமா?

செல்லுலாய்டு கத்தி எனக்கு வேறொரு பாடமும் சொல்லிக்கொடுத்தது. அழகாக இருந்ததால் அதை வாங்கி, மற்ற ஆறு கத்திகளோடு ஒரே தகரப் பெட்டியில் போட்டு மூடிவைத்தேன். எட்டு மாதம் கழித்துத் திறந்தால் அதன் பக்கத்தில் இருந்த இரண்டு கார்பன் எஃகு அலகுகள் துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் இருந்தன. பித்தளைப் பூணில் பச்சைக் களிம்பு. பழைய செல்லுலாய்டு சிதையும்போது அமில ஆவி விடும் என்பது அப்புறந்தான் தெரிந்தது. இப்போது அது தனியாக, காற்றாட, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கிறது. எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அடுப்புப் பக்கம் போவதே இல்லை.

இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். துருவுக்குப் பயந்து எல்லாக் கத்திகளின் அச்சிலும் தேங்காய் எண்ணெய் விட்டேன். அம்மா அரிவாள்மணைக்கு அதைத்தான் தடவுவார். ஜனவரி வந்தது. சூடேற்றாத பின்னறையில் இருந்த கத்திகள் ஒன்றும் திறக்கவில்லை. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் எண்ணெயை எங்கள் ஓவெர்ஞ் பகுதியின் மலைக் குளிரில் விட்டால் வேறென்ன நடக்கும்? இப்போது மருந்துக்கடையில் கிடைக்கும் பாரஃபின் எண்ணெய், ஒரு சொட்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை அடியோடு விட்டுவிட்டேன். துரு இருந்தால் மிக மென்மையான எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டு, துருவை மட்டும் எடுப்பேன். கார்பன் எஃகில் காலப்போக்கில் படியும் சாம்பல் கருமை அழுக்கு இல்லை. அதைப் பளபளப்பாக்கினால் கத்தியின் வயசும் போய்விடும், பாதி விலையும் போய்விடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'புதிதாகத் தொடங்குகிறேன், எதில் தொடங்க?' என்று யாராவது கேட்டால் ஒப்பினெல் என்பேன். சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்த கத்தி. ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு பூண். அவ்வளவுதான். 1897-ல் 1 முதல் 12 வரை அளவுகள் வந்தன. 1909-லிருந்து அலகில் கிரீடம் சூடிய கை. அந்தக் கை, ஸென்-ழான்-த-மோரியேன் ஊர்ச் சின்னத்தில் உள்ள திருமுழுக்கு யோவானின் கை. கிரீடம், சவோய் கோமான்களுடையது. 1955-ல்தான் அலகைப் பூட்டும் சுழல் வளையம் வந்தது. அதனால் வளையம் இல்லாத 8-ஆம் எண் கத்தி என்றால் பழையது என்று சேகரிப்பாளர்கள் துள்ளுவார்கள்.

நானும் துள்ளினேன். வளையம் இல்லாத ஒரு 8-ஆம் எண்ணை 40 யூரோவுக்கு வாங்கிவந்தேன். கீழ்த்தளப் பெரியவர் பூணைச் சுற்றி லென்ஸைக் கொண்டுபோனார். நிலையான பூணைச் சுற்றி மெல்லிய பளபளப்பான வட்டத் தடம் இருந்தது. பல வருஷம் ஒரு வளையம் சுழன்ற தடம். யாரோ நெம்பிக் கழற்றியிருக்கிறார்கள். உடைந்துபோனதால் கழற்றினார்களோ, என்னைப்போல் ஓர் ஆளுக்காகக் கழற்றினார்களோ. 6-ஆம் எண்ணுக்குக் கீழே உள்ள சின்னக் கத்திகளுக்கு இன்றும் வளையம் கிடையாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய கார்பன் 8-ஆம் எண் பத்துப் பதினைந்து யூரோவுக்குள் கிடைக்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்துவிடாதீர்கள். பீச் மரப்பிடி உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். சவோய்க்காரர்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், பிடித்து இழுத்துக்கொள்ளலாம்.

தென்மேற்கே தொர்தோஞ் பக்கத்து நோந்த்ரோன் கத்தி என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. மஞ்சள் மரப்பிடியில் சூட்டுக்கோலால் போட்ட தலைகீழ் 'வி'யும் மூன்று புள்ளிகளும். அதன் பொருளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை.

நோட்டில் உள்ள 1929, டூக்-டூக் கத்தியுடையது. தியேரில் கோஞே பட்டறை செய்வது. பிடி என்பது மடித்த இரும்புத் தகடுதான்; அதில் மெலனீசியத் தீவு ஆவி ஒன்றின் உருவம். தீவுகளுக்கு ஏற்றுமதி செய்யக் கிளம்பிய கத்தி, கடைசியில் வட ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுப் படையினரின் சட்டைப்பைக்குப் போய்ச் சேர்ந்தது. விடுமுறையில் புதுச்சேரி போயிருந்தபோது நண்பன் வீட்டில் ஒன்றைப் பார்த்தேன். அவன் தாத்தா பிரெஞ்சுப் படையில் அல்ஜீரியாவில் இருந்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர். முனை ஒடிந்து, ஆவியின் முகம் தேய்ந்து வெறும் மேடாகிவிட்டது. பாட்டி அதில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். "எவ்வளவுக்குக் கொடுப்பீர்கள்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "பாக்குவெட்டி வாங்கிக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போ" என்றார். எடுத்துக்கொள்ளவில்லை. யார், எங்கே, எப்போது என்ற மூன்றுக்கும் அந்த வீட்டில்தான் பதில் இருந்தது.

சட்டத்தைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் கத்தியை வாங்கலாம், வீட்டில் வைத்திருக்கலாம். நியாயமான காரணம் இல்லாமல் சட்டைப்பையில் கொண்டு திரிவது குற்றம், ஒப்பினெல்லாக இருந்தாலும். காட்டில் காளான் பறிக்கப் போகிறேன் என்பது காரணம். எப்போதும் வைத்திருப்பது வழக்கம் என்பது காரணம் இல்லை. சந்தையில் வாங்கிய கத்தியைச் சட்டைப்பையில் மறந்து வைத்துக்கொண்டு மறுநாள் ஓர் அரசு அலுவலகச் சோதனை வாசலில் நின்றேன். நல்ல வார்த்தை பேசி விட்டார்கள், கத்தி மட்டும் திரும்பி வரவில்லை. இப்போது வாங்கியதும் துணியில் சுற்றிப் பையின் அடியில் போடுகிறேன். விமானத்தில் என்றால் ஏற்றிவிடும் பெட்டியில்தான்.

போன நவம்பரில் பெரியவர் வீட்டைக் காலி செய்து மகள் ஊருக்குப் போனார். அதற்கு முன் ஒருமுறை என்னைத் தியேருக்குக் கூட்டிப்போனார். துரோல் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தண்ணீர்ச் சக்கரத்தால் சுழன்ற சாணைக்கற்களுக்கு மேல் பலகையில் குப்புறப் படுத்து அலகு தீட்டிய இடங்களைக் காட்டினார். குளிருக்குக் கால்மேல் நாயைப் படுக்கவைத்துக்கொள்வார்களாம். சாணைக்கல்லின் மஞ்சள் சேறு தெறித்ததால் அவர்களுக்கு 'மஞ்சள் வயிறு' என்று பட்டப்பெயர். அவருடைய தாத்தா மஞ்சள் வயிற்றுக்காரர். தியேரில் கத்தி ஒருவர் கையில் உருவாகாது. அடிப்பவர், தீட்டுபவர், மெருகிடுபவர், பூட்டுபவர் என்று வீடு வீடாகப் போய்வரும். கத்தி அருங்காட்சியகத்தில் கொல்லர்கள் தங்கள் முத்திரைகளைப் பதித்துவைத்த பழைய உலோகத் தகட்டின் முன் வெகுநேரம் நின்றார். யார் யாருடையது என்று அவருக்கும் தெரியவில்லை.

கிளம்பும் நாளில் என்னைக் கூப்பிட்டு ஒரு கத்தியைக் கொடுத்தார். கறுப்புக் கொம்புப் பிடி, தேய்ந்து ஒல்லியான அலகு. பழக்கதோஷம், கையில் வாங்கியதும் லென்ஸை எடுத்துவிட்டேன். அலகின் இருபுறமும் வெறுமை.

"யார் செய்தது?" என்று கேட்டேன்.

"தீட்டியது நான். மற்றவர்கள் யாரென்று ஞாபகம் இல்லை."

நன்றி சொல்லிச் சட்டைப்பையில் போடப் போனேன். கையை நீட்டித் தடுத்தார். கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துவிடுமாம், காசு கொடுத்து வாங்கினதாக இருக்க வேண்டுமாம். நம் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை தராமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்களே, அந்த மாதிரி. பர்ஸில் தேடினேன். யூரோ சில்லறை இல்லை. ஊரிலிருந்து வந்த ஒரு ரூபாய் நாணயம் ஒன்று கிடந்தது. வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். என் லென்ஸை வாங்கி, நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முத்திரை எங்கே?"

வருடத்துக்குக் கீழே பார்க்கச் சொன்னேன். வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா.

"ஒன்றும் இல்லையே" என்றார்.

"ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா" என்றேன்.